ஒன்பது பி சேர்த்து வைத்த பக்கங்கள்

மகளே,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு இப்போது யோக்கியதை இல்லை. நீ பாகாயத்தில் உன் தோழி வீட்டில் இருக்கிறாய், பெங்களூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் ரயில் ஏறப் போகிறாய் என்பதெல்லாம் உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் போனை நீ எடுப்பதில்லை. எடுக்காததும் சரிதான். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கடைசி விசாரணை. அதற்கு நீ வராமல் ராஜினாமாவை மட்டும் அனுப்பிவிட்டுப் போனால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தூண்டிவிட்டுப் பொய் எழுத வைத்த டீச்சர் என்ற பெயர் இந்த ஊரில் உனக்கு நிலைத்துவிடும். அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவன் நான்.

இதை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. நான் உன்மேல் எழுதிக் கொடுத்த கடிதத்தை ஆசிரியர்கள் அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகப் படித்தார்கள். அதை வாபஸ் வாங்குகிற கடிதம் மட்டும் உறைக்குள் ஒளிந்து வரக் கூடாது. ஊரில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் இதைப் போடப் போகிறேன். ஒரு பிரதியைத் தலைமை ஆசிரியரிடமும் கொடுப்பேன். உன் அம்மா காலையிலிருந்து இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். "இன்னா எழுதினு இருக்க?" என்றாள். சொன்னேன். "பெத்த பொண்ணு முன்னாடி நின்னு ஒரு வார்த்த சொல்லத் துப்பில்ல, ஊருக்கெல்லாம் எழுதறியா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் சொல்வதிலும் தப்பில்லை.

படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன். தரம் பார்க்கிற பிரிவில் சூப்பர்வைசராக இருந்து போன மாதம் ஓய்வு பெற்றேன். கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. ஒரு பிள்ளையைப் பற்றியும் அவள் அம்மாவைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அவர்கள் பெயரையும் எழுத மாட்டேன். தேவையில்லாத இடத்தில் பெயரை எழுதியதால்தான் இவ்வளவும் நடந்தது. அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

குற்றம் கண்டுபிடிப்பது என் தொழில். ஷூவில் எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே தோலில் வடு இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவேன். அந்த ஸ்டிக்கர் தாளை வீட்டுக்கும் கொண்டு வருவேன், ஞாபகம் இருக்கிறதா? நீ மூன்றாவது படிக்கும்போது உன் வீட்டுப்பாட நோட்டில் தப்பு இருக்கிற இடத்திலெல்லாம் அம்பு ஒட்டி வைப்பேன். ஒருநாள் நீ நம் மூவரையும் வரைந்து கொண்டு வந்தாய். அதில் எனக்கு ஒரு கையில் ஆறு விரல் இருந்தது. நான் அங்கேயும் அம்பு ஒட்டினேன். நீ அழவில்லை. படத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ வரைந்த எதையும் என்னிடம் காட்டவே இல்லை. பிள்ளைக்குக் கறாராக இருக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று நான் அப்போது பெருமையாக நினைத்தேன். இன்றைக்கு யோசித்தால் கேவலமாக இருக்கிறது.

இன்னொரு பழக்கமும் எனக்கு இருந்தது. எங்கள் ஷூவை வாங்குகிற பையர் கம்பெனி ஆட்கள் வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு வந்துபோன நாளில், சாப்பிடும்போது அதைக் கதையாகச் சொல்வேன். பசை போடுகிற பெண்களுக்கு அன்றைக்கு மட்டும் புது மாஸ்க் கொடுப்போம். ஜன்னலெல்லாம் திறந்துவிடுவோம். "எல்லாம் டாக்டரம்மா மாதிரி உக்காந்துனு இருந்தாங்க, பாக்கறதுக்கு ஆஸ்பத்திரி கணக்கா இருந்துச்சி. சாயங்காலம் அவன் கார் கேட்டத் தாண்டுனதும் ஒவ்வொண்ணா கழட்டி வாங்கி அட்டப்பெட்டில போட்டாச்சி. அடுத்த ஆடிட்டுக்கு ஆவும்" என்று சொல்லிச் சிரிப்பேன். நீயும் சிரிப்பாய். நீ பத்தாவது படிக்கும்போது ஒரு தடவை மட்டும் சிரிக்காமல், "அப்ப மத்த நாளு அவங்க இன்னாப்பா பண்ணுவாங்க?" என்று கேட்டாய். "முந்தானை இருக்குது இல்ல" என்றேன். உன் அம்மா கூடச் சிரித்தாள். அது என் வீட்டில் பல வருஷம் ஓடிய வேடிக்கைக் கதை.

நீ டீச்சரானாய். அறிவியல் பாடம், ஒன்பது பி பிரிவு. போன வருஷம் ஒருநாள் சாயங்காலம் வந்து, "அப்பா, உங்க ஷூவ வெச்சி எங்க பசங்க ஒரு ப்ராஜெக்ட் பண்றாங்க, நீங்க ஹெல்ப் பண்ணணும்" என்றாய். ஒரு ஷூவில் என்னவெல்லாம் இருக்கிறது, ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளே தேடிப் படிக்க வேண்டும். தோல் ஒரு குழுவுக்கு, நூல் ஒரு குழுவுக்கு, அடிப்பாகம் ஒரு குழுவுக்கு, பசை ஒரு குழுவுக்கு. படிக்கிற இணையப் பக்கத்தை அவரவர் நோட்டில் எழுதி வைத்தால் அடுத்தவருக்குப் பயன்படாது என்று, எல்லாரும் ஒரே இடத்தில் சேமிக்கிற ஒரு தளத்தை நீ கண்டுபிடித்து வைத்திருந்தாய். புக்மார்க்கை ஊரோடு பகிர்ந்துகொள்வது என்று எனக்கு விளக்கினாய். பக்கத்தைச் சேமிக்க வேண்டும், ஏன் சேமித்தோம் என்று சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுத வேண்டும், தேடினால் கிடைப்பதற்காக டேக் என்று ஓர் அடையாளச் சொல் போட வேண்டும். மற்றவர்கள் அதன் அடியில் கேள்வி கேட்கலாம், மறுக்கலாம். பக்கத்தை அப்படியே நகல் எடுத்து ஒட்டினால் மார்க் கிடையாது.

என்னையும் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டாய். கம்ப்யூட்டர் என்றால் ஒதுங்கிப் போகிறவன் நான், ஆனால் அந்த இரண்டு மாதம் வேலை விட்டு வந்ததும் முகம் கழுவிவிட்டு நேராக அதன் முன்னால்தான் உட்கார்ந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அது மாதிரி சந்தோஷம் எனக்குக் கம்பெனியில் ஒருநாளும் கிடைத்ததில்லை. "சார், ஒரு ஷூக்கு எத்தன தையல் சார்?" என்று ஒரு பையன் கேட்டிருப்பான். நான் மறுநாள் ஒரு ஷூவை எடுத்து வைத்து எண்ணிப் பார்த்துப் பதில் எழுதுவேன். ஆட்டுத் தோல் எத்தனை நாளில் பதமாகும் என்று இரண்டு பிள்ளைகள் இரண்டு பக்கத்தைச் சேமித்தார்கள். ஒன்றில் ஒரு கணக்கு, இன்னொன்றில் வேறு கணக்கு. நீ எது சரி என்று சொல்லவில்லை. "இந்தப் பக்கத்தை எழுதினது யாரு, அவங்களுக்கு அதுல இன்னா லாபம்னு பாருங்க" என்று மட்டும் அடியில் எழுதினாய். ஒரு பக்கம் தோல் பதப்படுத்தும் மருந்து விற்கிறவர்களுடையது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கு அதைப் பார்த்து ஆச்சரியமாகிவிட்டது. ஐம்பத்தேழு வயதில் அன்றைக்குத்தான் ஒன்றைப் படிப்பது என்றால் என்னவென்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

இனிமேல் வருவதுதான் நான் செய்த வேலை. கம்பெனியில் எந்தப் பொருளும் அட்டை இல்லாமல் நகராது. ஒவ்வொரு கூடையிலும் ஓர் அட்டை கட்டியிருக்கும். எந்த யூனிட், எந்தப் பிரிவு, எந்த லைன், என்ன மாடல் என்று அதில் எழுதியிருக்கும். அட்டை இல்லாத கூடையைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். பிள்ளைகள் போட்ட டேக்குகள் ஒழுங்கில்லாமல் இருந்தன. ஒருத்தன் 'தோல்' என்று போட்டிருப்பான், இன்னொருத்தி 'சூப்பர்' என்று போட்டிருப்பாள். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். அதோடு விட்டிருந்தால் பிரச்சினை இல்லை. அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் எங்கள் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். எங்கள் கம்பெனிப் பிள்ளைகள் என்று எனக்கு ஒரு பெருமை. அவர்கள் சேமித்த பக்கத்துக்கெல்லாம் கம்பெனி பெயரைப் போட்டேன். அம்மா எந்தப் பிரிவு, எந்த லைன் என்பதையும் போட்டேன். நீ ஒருநாள் பார்த்துவிட்டு, "கம்பெனி பேரெல்லாம் இன்னாத்துக்குப்பா? எடுத்துடுங்க" என்றாய். "இருந்தா இன்னா? நல்ல பேருதானே" என்றேன். நீ இருக்கும்போது இரண்டை எடுத்தேன், நீ பள்ளிக்கூடம் போன பிறகு மறுபடியும் போட்டேன்.

உன் பங்கும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ அந்தக் குழுவைப் பூட்டி வைக்கவில்லை. பூட்டினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் வேண்டும், பாதிப் பேருக்கு வீட்டில் இருப்பது அம்மாவின் ஒரு போன்தான் என்று திறந்தே வைத்திருந்தாய். பிள்ளைகள் தங்கள் பெயரையும் வகுப்பையும் போட்டே எழுதினார்கள். அவசரத்தில் செய்த தப்பு அது. ஆனால் திறந்த கதவின் மேல் விலாசம் எழுதி ஒட்டியவன் நான்தான்.

பசைக் குழுவில் இருந்த ஒரு பிள்ளை, ஷூ பசையின் நெடி உடம்புக்கு என்ன செய்யும் என்கிற ஒரு பக்கத்தைச் சேமித்தாள். நீ சொன்னபடி ஏன் சேமித்தேன் என்று அவள் எழுதியிருந்தாள். என் அம்மா பசை போடும் வேலை செய்கிறார்கள், சாயங்காலம் தலை சுற்றுகிறது என்று படுத்துக்கொள்வார்கள், இந்தப் பக்கத்தில் மாஸ்க் போட வேண்டும் என்று இருக்கிறது, வெளிநாட்டுக்காரர்கள் வரும் நாளில் மட்டும் அம்மாவுக்கு மாஸ்க் கொடுப்பார்கள், சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், மற்ற நாளில் ஏன் கொடுப்பதில்லை என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். யாரையும் திட்டவில்லை. தெரியவில்லை என்றுதான் முடித்திருந்தாள். நான் அந்தக் குறிப்பை விரித்துப் படிக்கவே இல்லை. தலைப்பைப் பார்த்தேன், பிள்ளையின் பெயரைப் பார்த்தேன், அவள் அம்மாவின் லைன் நம்பர் எனக்குத் தெரியும், கம்பெனி பெயரோடு சேர்த்து டேக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். நூலிழை பிரிந்திருந்தால் கண்டுபிடிக்கிற கண் எனக்கு என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

அடுத்த ஆடிட்டுக்கு முன்னால் பையரின் ஆள் யாரோ எங்கள் கம்பெனி பெயரைப் போட்டு இணையத்தில் தேடியிருக்கிறார். ஒன்பது பி சேர்த்து வைத்த பக்கங்கள் வந்து நின்றிருக்கின்றன. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் மேசையில் அந்தக் குறிப்பு அச்செடுத்து இருந்தது, கீழே ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பு. "இது எந்த லேபர் பொண்ணு? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். பிள்ளையின் பெயர் ஊரில் பத்துப் பேருக்கு இருக்கிற பெயர். லைன் நம்பரும் இருந்ததே என்று நீ கேட்பாய். அந்த லைனில் முப்பது பேர். நான் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு அது அத்தோடு நின்றிருக்கும். நான் சொன்னேன். கேட்ட உடனே, யோசிக்காமல், கேள்விக்குப் பதில் தெரிந்த பையன் எழுந்து சொல்கிற மாதிரி சொன்னேன். சொன்ன பிறகுதான் குறிப்பையே படித்தேன்.

மறுநாள் அந்த அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜர் என்னிடம் வெள்ளைத்தாள் கொடுத்தார். "உங்க பொண்ணுதான் டீச்சராமே? நீங்களே எழுதிக் குடுத்துட்டா பையர் நம்புவான். இல்லன்னா எல்லாருக்கும் பேஜாரு" என்றார். அவர் என்னை மிரட்டவில்லை. காபி வாங்கிக் கொடுத்தார். நான் எழுதினேன். எங்கள் கம்பெனியில் தினமும் மாஸ்க் கொடுக்கப்படுகிறது, மாணவி எழுதியது கற்பனை, வகுப்பு ஆசிரியை ஆர்வக்கோளாறில் பிள்ளைகளை இப்படி எழுதும்படி தூண்டியிருக்கிறார், அவர் என் மகள் என்பதால் வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். 'வருத்தத்துடன்' என்ற சொல்லை மேனேஜர் சொல்லவில்லை, நானாகச் சேர்த்தேன். ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது, கெட்ட பெயரோடு வெளியே போகப் பயம் என்று உன் அம்மாவிடம் பின்னால் சொன்னேன். அது பாதி உண்மை. மீதி உண்மை என்னவென்றால், அந்த நேரத்தில் எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. இருந்த நிம்மதியைக் கெடுத்தாயே என்று. ஒரு பிள்ளை தன் அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது என்று எழுதியதைப் படித்துவிட்டு, எனக்கு வந்த கோபம் அந்த மாதிரிக் கோபம்.

கம்பெனி அந்தக் கடிதத்தைத் தாளாளருக்கு அனுப்பியது. தலைமை ஆசிரியர் அதைக் கூட்டத்தில் படித்தார் என்றும், எழுதியவர் யார் என்று கடைசி வரியில்தான் உனக்குத் தெரிந்தது என்றும் பிறகு கேள்விப்பட்டேன். அந்த இடத்தில் நீ ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'மாஸ்க் கதையை எனக்குச் சொன்னதே இந்த அப்பாதான், வருஷக்கணக்காகச் சோறு சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்' என்று சொல்லியிருந்தால் நான் எழுதியது அங்கேயே கிழிந்திருக்கும். நீ சொல்லவில்லை. "பசங்க எழுதுனது பொய்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன் சார்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாய். என்னைக் காப்பாற்றத்தான் மிச்சத்தைச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். இதைவிடப் பெரிய தண்டனையை நீ யோசித்துக் கொடுத்திருக்க முடியாது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தாய். நான் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, "அப்பா, நீங்க அத எழுதும்போது உங்களுக்குச் சிரிப்பு வரலியா?" என்று கேட்டாய். நான் தாளைத் திருப்பினேன். "தினமும் வீட்ல சிரிப்பீங்களே, அதான் கேட்டேன்" என்றாய். "உனுக்கு ஊர் ஒலகம் தெரியாது, நீ பேசாத போ" என்றேன். நீ பேசாமல்தான் போனாய். துணிமணியை எடுக்க மறுவாரம் நான் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்தாய்.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். உன்னை வகுப்புக்கு விடாமல் நூலகத்தில் உட்கார வைத்தார்கள். பிள்ளைகளின் பக்கங்களை யாரும் எழுத முடியாதபடி நிறுத்தி வைத்தார்கள். கம்ப்யூட்டர் அறைக்கே பூட்டுப் போட்டார்கள். எனக்குக் கம்பெனியில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, நான் கண்ணும் கருத்துமாக வேலை பார்த்தவன் என்று பேசினார்கள். மேனேஜர் பேசும்போது பசை போடுகிற பெண்கள் பின்னால் வரிசையாக நின்று கை தட்டினார்கள். அந்த இடத்தில் நான் அழுதேன். பிரிவு தாங்காமல் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது உண்மையைச் சொல்வதில் வீரம் ஒன்றும் இல்லை. கம்பெனி இனி என்னை என்ன செய்யும்? ஓய்வு பெற்றவனுக்கு வரும் தைரியம் இது, இதற்கு நீ மதிப்புக் கொடுக்க வேண்டாம். ஆனாலும் சாட்சி சாட்சிதான். மாணவி எழுதியது உண்மை. ஆடிட் நாளில் மாஸ்க்கைக் கொடுத்ததும் நான், கார் போனதும் லைன் லைனாகப் போய்த் திரும்ப வாங்கியதும் நான். அந்தப் பிள்ளையின் அம்மா கையிலிருந்தும் வாங்கியிருக்கிறேன். ஒரு தடவை அவர், "இது மட்டும் வெச்சிக்கட்டா சார்?" என்று கேட்டார். "அடுத்த வாட்டி தர்றேன் குடுமா" என்றேன். ஆசிரியை யாரையும் தூண்டவில்லை. டேக் போட்டு வெளியே தெரிய வைத்தது நான். மேனேஜரிடம் பெயரைச் சொன்னதும் நான். திங்கட்கிழமை பத்து மணிக்குத் தலைமை ஆசிரியர் அறையில் இதையே வாயாலும் சொல்வேன்.

நீ போகிற இடத்திலும் பிள்ளைகளை இப்படிச் சேர்ந்து தேட வை. பயந்துபோய் விட்டுவிடாதே. இந்த ஊர் உனக்குச் செய்ததைப் பார்த்து, பாடப் புத்தகத்தை வாசித்துவிட்டு மணி அடித்ததும் எழுந்து போகிற டீச்சராக ஆகிவிடாதே. ஆனால் கதவைப் பூட்டி வை. மின்னஞ்சல் இல்லாத பிள்ளைக்கு வேறு வழி கண்டுபிடி. பிள்ளைகள் பெயருக்குப் பதில் ஓர் எண்ணை வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் நடப்பதை எழுதும் பிள்ளையின் குறிப்பை மற்றவர்கள் பார்ப்பதற்கு முன்னால் நீ படி. பெரியவர்கள் யாராவது உதவிக்கு வருகிறேன் என்றால், அவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று முதலில் கேள். அப்பா என்றாலும் கேள்.

கடைசியாக ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் முடித்துவிடலாம் என்றுதான் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வந்தேன்.

வியாழக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். எந்தத் தெரு என்று எழுத மாட்டேன். அந்த அம்மா கீழே உட்கார்ந்து கூலிக்கு ஏதோ தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியின் மேலிருந்த துணியை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார். அதுவே எனக்கு வலித்தது. நடந்ததை எழுதப் போகிறேன், திங்கட்கிழமை விசாரணைக்கும் போகப் போகிறேன், நீங்களும் வருகிறீர்களா என்று கேட்டேன். "நான் வர்ல சார். எனுக்கு இன்னும் பேர் கெட்டா இதுவும் பூடும். நீங்க போங்க. எங்க பேரு மட்டும் எங்கியும் எழுதாதீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார்.

அப்போது அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். வாசலில் என் செருப்பைப் பார்த்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று தயங்கி நின்றாள். நான் யார் என்று அவள் அம்மா சொன்னார். நான் அதுவரை அவளை நேரில் பார்த்ததில்லை, அவளும் என்னைப் பார்த்ததில்லை. எழுத்தில் மட்டும்தான் பேசியிருக்கிறோம். நூல் குழுவுக்கும் பசைக் குழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருமுறை என்னிடம் நல்ல கேள்வி கேட்டிருந்தாள். பையை இறக்கிவிட்டு என் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நான் தெரியாம பொய் எழுதிட்டேன் சார். என்ன மன்னிச்சிடுங்க சார். என்னாலதான் மிஸ்ஸுக்கும் வேல போச்சி" என்றாள். ஒப்பிக்கிற மாதிரி, மூச்சு விடாமல் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அவளை எத்தனை பேர் முன்னால் எத்தனை தடவை இதைச் சொல்ல வைத்தார்கள் என்று தெரியவில்லை. அவள் அம்மா தையலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்த மாஸ்க்கை அவர் கையிலிருந்து வாங்கியவன் நான் என்று அவருக்குத் தெரியும்.

இல்லை பாப்பா, பொய் சொன்னது நீ இல்லை, நான்தான் என்று சொல்ல அங்கே ஒரு நிமிஷம் போதும். அதற்காகத்தான் போனேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து, "பரவால்ல விடு பாப்பா, நல்லா படி" என்று சொல்லி, அவள் தலையில் கை வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆமாம், நான் அவளை மன்னித்துவிட்டு வந்திருக்கிறேன்.

நீ திங்கட்கிழமை வந்தாலும் வராவிட்டாலும் நான் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். தலைமை ஆசிரியரிடமும் தாளாளரிடமும் சொல்வதற்கு எனக்குப் பயமில்லை. அங்கிருந்து நேராக அந்த வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே போகத்தான், மகளே, எனக்குப் பயமாக இருக்கிறது.